பி.எட். மாணவர் ஆய்வு மாநாடு: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

எங்கள் கல்லூரியில் இன்டர்ன்ஷிப் (பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தும் பயிற்சி) முடிந்த கையோடு மாணவர் ஆய்வு மாநாடு நடக்கும். சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். அதன் ஒருங்கிணைப்பு வேலை என் தலையில் விழுந்து சில வருடங்கள் ஆகின்றன. அறிவிப்பு ஒட்டிய அன்றே அறை வாசலில் கூட்டம் கூடிவிடும். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

மேடம், ஆய்வு மாநாடுன்னா என்ன? செமினார் எடுக்கிற மாதிரிதானே?

இல்லை. செமினாரில் புத்தகத்தில் இருப்பதைப் படித்துச் சொல்வீர்கள். இங்கே புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: நீங்கள் பாடம் நடத்திய வகுப்பில் என்ன பார்த்தீர்கள், அதற்கு என்ன செய்தீர்கள், அதன் பிறகு என்ன ஆனது, அதற்கு உங்கள் கையில் என்ன சான்று இருக்கிறது. கற்றல் நோக்கங்களைப் படிநிலைகளாகப் பிரிக்கும் புளூமின் வகைப்பாடு பற்றி அழகாகப் பத்து நிமிடம் பேசினாலும் அது ஆய்வு ஆகாது.

நடைமுறை எளிது. முதலில் ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வேண்டும். தேர்வானால் மேடையில் பத்து நிமிடம் பேசலாம், அல்லது போஸ்டர் வைக்கலாம். அப்புறம் கேள்வி நேரம். கேட்பவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே பி.எட்., எம்.எட். படிப்பவர்கள்தான்.

கட்டாயமா? மார்க் உண்டா?

இரண்டுக்கும் இல்லை. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டிலும் இந்தச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பெண்கூடச் சேராது. சான்றிதழுக்காக மட்டும் வருவதென்றால் அந்த நேரத்தில் டெட் வினாத்தாள் இரண்டு போட்டுப் பார்ப்பது மேல் என்று நேராகவே சொல்லிவிடுவேன். ஆனால் இன்டர்ன்ஷிப்பில் எப்படியும் செயலாய்வு (தன் வகுப்புச் சிக்கலுக்கு ஆசிரியரே தீர்வு செய்து பார்க்கும் ஆய்வு) ரெக்கார்டு எழுதப் போகிறீர்கள். அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் மாநாட்டுக்கென்று கூடுதல் வேலை அதிகம் இராது.

ஆராய்ச்சியெல்லாம் பிஎச்.டி. பண்றவங்க வேலை இல்லையா? நாங்களே இப்பதான் பாடம் நடத்தக் கத்துக்கிறோம்.

ஆசிரியரே தன் வகுப்பை ஆராய்வது நேற்று வந்த பேச்சு இல்லை. குர்ட் லெவின் 1946இல் செயலாய்வு பற்றிக் கட்டுரை எழுதினார். ஸ்டீபன் கோரி 1953இல் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1970களில், ஆசிரியரே ஆய்வாளராக இருக்க வேண்டும் என்று வாதாடினார். வெளியிலிருந்து வருபவர் ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போவார். தினமும் அந்த வகுப்பில் நிற்பவருக்கே தெரிகிற விஷயங்கள் உண்டு என்பதுதான் அவர்கள் எல்லோருடைய அடிப்படை.

உங்களுக்கும் அந்த வாய்ப்பு இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் (என்.சி.டி.இ.) 2014 விதிமுறைப்படி பி.எட். இரண்டாண்டுப் படிப்பானபோது, இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரம் பள்ளிக்கு என்று ஒதுக்கினார்கள். ஒரே வகுப்பை அத்தனை வாரம் தொடர்ந்து பார்க்கும் வசதி பல பிஎச்.டி. மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை.

தலைப்பு எப்படிப் பிடிக்கிறது? ஒண்ணு சொல்லுங்க மேடம்.

நான் சொன்னால் அது என் தலைப்பு. உங்கள் தலைப்பு நீங்கள் திருத்திய நோட்டுப் புத்தகக் கட்டுக்குள் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஏழாம் வகுப்பில் 1/2 + 1/3 கூட்டச் சொன்னால் சிலர் 2/5 என்று எழுதுவார்கள், சிலர் 2/6 என்று எழுதுவார்கள். இரண்டுக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போவதுதான் வழக்கம். கொஞ்சம் நின்று பாருங்கள். 2/5 எழுதிய பிள்ளை மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. அதற்குப் பின்னம் என்பது ஒரே எண் என்பது பிடிபடவில்லை. 2/6 எழுதிய பிள்ளை மீ.சி.ம. 6 என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கலாம், ஆனால் தொகுதியை மாற்ற மறந்துவிட்டது. முதல் பிள்ளைக்குக் காகிதத்தை மடித்துக் காட்ட வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு விட்டுப்போன ஒரு படியைச் சொன்னால் போதும். யார் யார் எந்தத் தவறு செய்கிறார்கள், தனித்தனியாகக் கவனித்தால் எது சீக்கிரம் சரியாகிறது? இது நல்ல ஆய்வுக் கேள்வி.

இதையே "உயர்தொடக்க நிலை மாணவர்களின் கணிதத் திறன் மேம்பாட்டில் புதுமையான கற்பித்தல் உத்திகளின் விளைவு" என்று தலைப்பாக்கிக் கொண்டுவருவார்கள். எந்தத் திறன், எந்த உத்தி என்று கேட்டால் பதில் வராது. "ஏழாம் வகுப்பில் வேற்றினப் பின்னக் கூட்டல்: இருவகைத் தவறுகள்" என்றால் கேட்பவருக்கு விஷயம் உடனே புரிந்துவிடும்.

சீனியர் ரெக்கார்டுல "ஆண், பெண் மாணவர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை"ன்னு அட்டவணை அட்டவணையா இருக்கே. அந்த மாதிரி பண்ணலாமா?

பண்ணலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. நான் தேர்வுக் குழுவில் இருந்தால் கடைசியில்தான் வைப்பேன். ஆண் பெண், நகரம் கிராமம், தமிழ்வழி ஆங்கிலவழி, அரசுப் பள்ளி தனியார் பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கருதுகோள், ஒரு அட்டவணை. கூகுள் ஃபார்மை வாட்ஸாப் குழுவில் தட்டிவிட்டு வந்த பதில்களை வைத்துச் செய்துவிடுகிறார்கள். வேறுபாடு இருந்தால்தான் என்ன, இல்லாவிட்டால்தான் என்ன? திங்கட்கிழமை காலை வகுப்பில் நீங்கள் எதை மாற்றப் போகிறீர்கள்?

இன்னொன்று. இந்தப் பழைய வார்ப்பில் தனிநபர் விவரத் தாள் ஒன்று கூடவே வரும். அதில் சாதி, பெற்றோரின் வருமானம் எல்லாம் கேட்டிருக்கும். பின்னக் கூட்டலுக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் ஆய்வுக் கேள்விக்குத் தேவைப்படாத எதையும் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள்.

எத்தனை பேரை வச்சுப் பண்ணணும்? என் வகுப்புல 28 பேர்தான்.

28 போதும். ஒரு பிள்ளையை வைத்துக்கூடச் செய்யலாம், அதற்குத்தான் தனியாள் ஆய்வு என்று இருக்கிறது. பியாஜே தன்னுடைய மூன்று குழந்தைகளைக் கவனித்து எழுதியதைத்தான் நாம் முதலாமாண்டில் மனப்பாடம் செய்கிறோம்.

எண்ணிக்கை குறைந்தால் சொல்லும் முடிவையும் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். "இந்த 28 பேரிடம் இப்படிப் பார்த்தேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. "தமிழ்நாட்டு ஏழாம் வகுப்பு மாணவர்கள்" என்று எழுதினால்தான் சிக்கல்.

யார்கிட்ட அனுமதி வாங்கணும்? ஹெச்.எம். சரின்னாரே, போதாதா?

வாய்ச்சொல் போதாது. கல்லூரி முதல்வர் கடிதத்தோடு தலைமையாசிரியரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஒரு பள்ளிக்கு மேல் போவதாக இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். அதற்கு நேரம் ஆகும் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள். வழக்கமான பாடம், வழக்கமான தேர்வு என்பதைத் தாண்டிப் பிள்ளைகளிடம் பேட்டியோ ஒலிப்பதிவோ எடுத்தால் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். படிவம் அவர்களுக்குப் புரிகிற தமிழில் அரைப் பக்கம் இருந்தால் போதும். பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "வேண்டாம் மிஸ்" என்று சொன்னால் விட்டுவிடுங்கள்.

போட்டோ பற்றித் தனியாகச் சொல்கிறேன். வகுப்பில் எடுத்த படங்களை முகம் தெரிய ஸ்லைடில் போட்டு, அதையே ஸ்டேட்டஸிலும் வைக்கிறார்கள். 2023இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் கிடக்கட்டும், "மெல்லக் கற்போர்" என்ற தலைப்புக்குக் கீழே தன் பிள்ளை முகத்தைப் பார்க்க எந்த அம்மாவுக்குப் பிடிக்கும்? நோட்டுப் பக்கத்தைப் படம் எடுங்கள், பெயரை மறைத்துவிடுங்கள். மா1, மா2 என்று எழுதினால் போதும்.

முன்தேர்வு, பின்தேர்வு ரெண்டுக்கும் ஒரே வினாத்தாள் கொடுக்கலாமா?

கொடுத்தால் பிள்ளைகள் கணக்கைக் கற்றுக்கொண்டார்களா, கேள்வியை ஞாபகம் வைத்திருந்தார்களா என்று பிரிக்க முடியாது. இரண்டு தேர்வுக்கும் நடுவில் ஒரு வாரம்தான் என்றால் நிச்சயமாக வேண்டாம். எண்களை மாற்றி, அதே கடினத்தில் இன்னொரு தாள் தயாரியுங்கள். "அதே கடினம்" என்று நீங்களே முடிவு செய்யாமல் வகுப்பாசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள். இரண்டாவது தாள் எளிதாக அமைந்துவிட்டால் உங்கள் வெற்றி முழுக்க அந்தத் தாளின் வெற்றி.

டி-டெஸ்ட் போட்டே ஆகணுமா?

வேண்டாம். இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலாக வந்ததா என்று பார்க்கும் கணக்கு அது. 2/5 எழுதியவர்கள் எத்தனை பேர், மூன்று வாரம் கழித்து எத்தனை பேர் என்று எண்ணிச் சொன்னாலே பல ஆய்வுகளுக்குப் போதும்.

போட்டால் சரியாகப் போடுங்கள். ஒரே பிள்ளைகள் இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள் என்றால் இணை டி-டெஸ்ட்தான் போட வேண்டும். வேறு வேறு பிரிவுகளுக்குப் போடுவதை இங்கே போடக் கூடாது. முன்தேர்வு 28 பேர், பின்தேர்வு 25 பேர் என்றால் இரண்டையும் எழுதிய 25 பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்று பேர் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். அப்புறம் அந்த 1.96. எல்லா ரெக்கார்டிலும் அட்டவணைக்குக் கீழே இந்த எண் உட்கார்ந்திருக்கும். கணக்கில் வந்த டி மதிப்பு இதைத் தாண்டினால் வேறுபாடு குறிப்பிடத்தக்கது என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அது பெரிய மாதிரிகளுக்கான மதிப்பு. 5 விழுக்காடு மட்டத்தில் 28 பேருக்கு 2.052, 12 பேருக்கு 2.201. நடுவர்கள் அவசியம் பிடிக்கிற இடம் இது.

முன்தேர்வில் ரொம்பக் குறைவா எடுத்த 8 பேருக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தேன். எல்லாருக்கும் மார்க் ஏறிடுச்சு. அப்ப என் முறை வெற்றிதானே?

இந்த மாநாட்டிலேயே அதிகமாக வரும் வடிவம் இதுதான், அதிகமாக ஏமாற்றுவதும் இதுதான். ஒரு பிள்ளையின் மதிப்பெண் ஒரே இடத்தில் நிற்காது. காய்ச்சலோடு வந்த அன்று 20க்கு 4 எடுக்கும் பிள்ளை இன்னொரு நாள் 8 எடுக்கும். நீங்கள் அடிமட்டத்தில் இருந்த 8 பேரைப் பொறுக்கியபோது, உண்மையிலேயே பின்தங்கியவர்களோடு அன்றைக்கு மட்டும் சறுக்கியவர்களையும் சேர்த்துத்தான் பொறுக்கியிருக்கிறீர்கள். அவர்களுக்கு நீங்கள் எதுவுமே செய்யாமல் அடுத்த தேர்வு வைத்திருந்தாலும் சராசரி கொஞ்சம் ஏறியிருக்கும். சராசரி நோக்கிய பின்னடைவு என்று புள்ளியியலில் இதற்குப் பெயர். முதலிடத்தில் இருந்த 8 பேரைப் பார்த்தால் அவர்கள் மதிப்பெண் கொஞ்சம் இறங்கியிருப்பதையும் பல நேரம் காணலாம்.

அதற்காக உங்கள் உழைப்பு வீண் என்று இல்லை. பொறுக்குவதற்கு முன் இரண்டு தேர்வு வைத்துப் பாருங்கள், இரண்டிலும் கீழே இருப்பவர்களை எடுங்கள். இன்னொரு பிரிவில் அதே மாதிரி 8 பேரைக் கண்டுபிடித்து, நீங்கள் எதுவும் செய்யாமலேயே அவர்களுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று ஒப்பிடுங்கள். நல்ல முறையை ஒரு பிரிவுக்கு மட்டும் கொடுப்பது நியாயமா என்று உறுத்தினால், ஆய்வு முடிந்ததும் அந்தப் பிரிவுக்கும் அதே பாடத்தை எடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், குறைந்தபட்சம் இந்தச் சந்தேகம் இருக்கிறது என்பதை நீங்களே மேடையில் சொல்லிவிடுங்கள். நடுவர் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்வது கௌரவம்.

எனக்கு வித்தியாசமே வரல மேடம். இதை எப்படி மேடை ஏத்துறது?

தாராளமாக ஏற்றலாம். விளையாட்டு முறையில் சொல்லிக்கொடுத்தும் மதிப்பெண் ஏறவில்லை என்றால் ஏன் ஏறவில்லை என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. பிள்ளைகள் விளையாட்டின் விதியைப் பிடிக்கவே இரண்டு பீரியட் போய்விட்டதா? குழுவில் ஒருவனே எல்லாவற்றையும் செய்துவிட்டானா? நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தால் அதுதான் உங்கள் கட்டுரை.

எல்லா ஆய்வும் "முறை பயனளித்தது" என்றே முடிகிற ஓர் அரங்கில் உட்கார்ந்து பாருங்கள், மதியத்துக்குள் அலுத்துவிடும். எண்ணைத் திருத்தி வித்தியாசம் வரவழைக்க மட்டும் வேண்டாம். 28 பேரில் 28 பேரும் சரியாக 5 மதிப்பெண் ஏறிய அட்டவணையெல்லாம் பார்த்தவுடன் தெரியும்.

அப்ஸ்ட்ராக்ட்ல என்னென்ன எழுதணும்?

250 சொல் கேட்டிருந்தால் அதில் 200 சொல்லை "கல்வி மனிதனின் மூன்றாவது கண்" வகையறாவுக்குச் செலவழிக்காதீர்கள். எந்த வகுப்பு, எத்தனை பேர், என்ன சிக்கல் பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், எத்தனை நாள், எப்படி அளந்தீர்கள், என்ன கிடைத்தது. தேர்வுக் குழு தேடுவது இவ்வளவுதான். "முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்று எழுதினால் முடிவு இன்னும் வரவில்லை என்றுதான் நாங்கள் புரிந்துகொள்வோம்.

தமிழ்ல கொடுத்தா மதிப்பு குறையுமா?

எங்கள் மாநாட்டில் குறையாது. பிள்ளைகள் தமிழில் பேசியதை, தமிழில் எழுதிய தவறை ஆங்கிலத்தில் விளக்கப் போய் விஷயமே கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாணவி ல, ள, ழ குழப்பத்தைப் பற்றி எழுதியிருந்தாள். "பள்ளி" என்று சொன்னால் பிள்ளைகள் "பல்லி" என்று எழுதுகிறார்கள் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு பத்தி தேவைப்பட்டது.

ஒரே ஒரு வேண்டுகோள்: யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினியிலோ வானவில்லிலோ அடித்து அனுப்பினால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் குறிகளாகத் தெரியும். 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, டி.டி.பி. சென்டர்கள்தான் இன்னும் விடமாட்டேன் என்கின்றன. வெளியில் கொடுத்து அடிப்பதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாட்ஜிபிடி வச்சு எழுதலாமா? எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

மொழியைச் சரிபார்க்க, ஆங்கிலச் சுருக்கத்தைச் செப்பனிடப் பயன்படுத்திவிட்டு அதை ஒரு வரியில் குறிப்பிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் வகுப்பில் என்ன நடந்தது என்பதை அது எழுத முடியாது, ஏனென்றால் அது அங்கே இல்லை. முந்தைய ஆய்வுகளைக் கேட்டால் இல்லாத ஆசிரியர், இல்லாத இதழ், இல்லாத பக்க எண்ணோடு அழகாகப் பட்டியல் கொடுத்துவிடும். ஒவ்வொன்றையும் நீங்களே தேடி எடுத்துப் பாருங்கள். நம் ஊர்க் கல்வியியல் ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிள்ளைகளின் பெயரோடு மதிப்பெண் பட்டியலை அதில் ஏற்றாதீர்கள். காரணம் அனுமதி பற்றிய பதிலிலேயே இருக்கிறது.

இணையத்திலிருந்து வெட்டி ஒட்டினாலும் இதே கதிதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) 2018 விதிமுறை 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்கிறது. அதற்காக 10 விழுக்காடு திருடலாம் என்று அர்த்தம் இல்லை.

பத்து நிமிஷத்துல எப்படி முடிக்கிறது?

ஸ்லைடைப் படிக்காதீர்கள், எங்களுக்கும் படிக்கத் தெரியும். பெரும்பாலோர் ஆய்வின் தேவை, கலைச்சொல் விளக்கம், நோக்கங்கள், கருதுகோள்கள் என்று எட்டு நிமிடம் போய், மணி அடித்தவுடன் முடிவை ஓட ஓடச் சொல்வார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதல் ஸ்லைடில் 2/6 என்று எழுதிய அந்த நோட்டுப் பக்கம் இருக்கட்டும். "இந்தப் பிள்ளை எங்கே தவறியது?" என்று கேளுங்கள். அரங்கமே நிமிர்ந்து உட்காரும். வீட்டில் கடிகாரம் வைத்து வாய்விட்டுப் பேசிப் பாருங்கள்.

போஸ்டர் என்றால் ஏ1 அளவு போதும். இரண்டடி தள்ளி நின்று படிக்க முடிய வேண்டும்; கட்டுரையை அப்படியே ஒட்டினால் யாரும் நிற்க மாட்டார்கள்.

நடுவர் கேட்டதுக்குப் பதில் தெரியலன்னா?

"அதை நான் பார்க்கவில்லை ஐயா" என்று சொல்லுங்கள். சமாளிக்கப் போனால் அடுத்த கேள்வி இன்னும் கடினமாக வரும்.

1,500 ரூபாய் கட்டினா மூணு நாள்ல இன்டர்நேஷனல் ஜர்னல்ல போடுறோம்னு மெயில் வந்திருக்கு. போடலாமா?

மூன்று நாளில் யார் படித்துத் திருத்தினார்கள் என்று யோசியுங்கள். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்பார்கள். அது இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண், தரச் சான்று இல்லை. புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என்.னும் அப்படித்தான். "யூ.ஜி.சி. கேர் பட்டியலில் இருக்கிறது" என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம், ஏற்கத்தக்க இதழ்களைக் காட்டிய அந்தப் பட்டியலையே யூ.ஜி.சி. 2025இல் கைவிட்டுவிட்டது. மாநாட்டுத் தொகுப்பில் முழுக் கட்டுரையாக வந்ததை மாற்றாமல் இன்னொரு இதழுக்கு அனுப்புவதும் தவறு. சுருக்கம் மட்டும் வந்திருந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் இதழுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும்.

கைடு பேரை முதல்ல போடணுமா? கேட்கவே பயமா இருக்கு.

பயம் புரிகிறது, அகமதிப்பீட்டு மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. முறைப்படி, வகுப்பில் நின்று தரவு சேகரித்து எழுதியவர் பெயர் முதலில். வடிவமைப்பிலும் திருத்தத்திலும் உண்மையாக உழைத்த கைடு இரண்டாவது. கையெழுத்து மட்டும் போட்டவருக்கு நன்றி சொன்னால் போதும். எங்கள் படிவத்தில் "முதல் ஆசிரியர் மாணவராகவே இருக்க வேண்டும்" என்று அச்சிட்டதே, உங்களை அந்தப் பேச்சிலிருந்து காப்பாற்றத்தான். மற்ற இடங்களுக்கு அனுப்புவதாக இருந்தால் வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். முடிந்த பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் போகும்.

முடிவு அந்தப் பள்ளிக்குச் சங்கடமா வந்திருக்கு. ஹெச்.எம். பார்த்தா கோபப்படுவார். என்ன செய்யறது?

பள்ளியின் பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் எந்தெந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். "ஆற்றங்கரையை ஒட்டிய பெண்கள் பள்ளி" என்று எழுதினால் பெயர் எழுதியது போலத்தான். ஆய்வுக்குத் தேவைப்படாத அடையாளங்களை எடுத்துவிடுங்கள். ஆசிரியரைப் பற்றிய தீர்ப்புகளையும் எடுத்துவிடுங்கள். "ஆசிரியர்கள் அக்கறை காட்டவில்லை" என்பதற்கு உங்களிடம் சான்று இருக்காது, "எட்டாம் வகுப்பில் 11 பேர் சொல்லைச் சேர்த்து வாசிக்கவில்லை" என்பதற்கு இருக்கும். அந்த எண்ணைக் குறைக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

மாநாட்டுக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். பலர் கோபப்படுவதில்லை, "இது எங்களுக்கும் தெரியும்மா, ஆள் பற்றாக்குறை" என்று காரணத்தைச் சொல்வார்கள். அந்தக் காரணமும் உங்கள் கட்டுரையில் வர வேண்டிய செய்திதான், அவர் அனுமதித்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியிடவே கூடாது என்று அவர் உறுதியாகச் சொன்னால் நீங்களாக வாதாடாமல் என்னிடம் வாருங்கள், முதல்வரை வைத்துப் பேசலாம். அடுத்த வருடமும் உங்கள் ஜூனியர்கள் அதே பள்ளிக்குத்தான் போக வேண்டும்.